பாதியில் விழுந்த ஆமென்

என் மகள் உங்கள் பக்கம் குனிந்து என்னமோ சொல்லிவிட்டுப் போனாளே தம்பி, என்ன சொன்னாள்? 'அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, திருநெல்வேலியில கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க' என்றுதானே? தெரியும். கண்டக்டரிடமும் அதைத்தான் சொன்னாள். முன் சீட்டு அம்மாவிடமும் சொன்னாள். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அடேயப்பா, தகப்பன் மேல் என்ன பாசம் என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றியது, முகத்திலேயே தெரிந்தது.

இந்தப் பையைப் பாருங்கள். பிளாஸ்கில் வெந்நீர். ஒரு டப்பாவில் ஆரஞ்சுச் சுளை, கொட்டையை எல்லாம் எடுத்திருக்கிறாள். மாத்திரைக்குத் தனியாக ஒரு டப்பா. காலையில் போடுகிறதுக்கு ஒரு நிறம், மத்தியானத்துக்கு ஒரு நிறம். ஊரில் எனக்குப் பொங்கிப்போட செல்லக்கனி என்று ஒருத்தியை ஏற்பாடு பண்ணியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு எங்கள் ஊர்ச் சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரை வரச் சொல்லியிருக்கிறாள். எதற்கு இதெல்லாம்? ஊர் பார்க்க. உள்ளே என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியுமா?

என் மகள் வீட்டில் நான் ஜெபம் பண்ணக் கூடாது, தம்பி. அதுதான் சட்டம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஜெபம் பண்ணக் கூடாது. வேற்று மதத்துக்காரர் வீட்டில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் அர்த்தம் உண்டு. இவள் கிறிஸ்தவள். என் மகள். என் மடியில் வேதம் படித்தவள்.

உங்கள் நெற்றியில் திருநீறு இருக்கிறது, அதனால் உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எங்கள் ஊர் எபநேசர்புரம், நாசரேத்துக்குத் தெற்கே. எங்கள் வீடுகளில் குடும்ப ஜெபம் என்று ஒன்று உண்டு. விளக்குப் போட்டதும் பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, பிறகு முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொள்வோம். வீட்டுத் தலைவன் ஜெபம் பண்ணுவான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்து, அவன் முடிக்கும்போது ஆமென் சொல்ல வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். நடுவில் யாரும் பேசக் கூடாது. கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிறவனை யார் மறிக்க முடியும்?

என் தகப்பனார் பனைமட்டையால் பேசுகிறவர். என் முதுகைத் திருப்பிக் காட்டினால் இன்னும் தடம் இருக்கும். நான் கல்யாணம் ஆன அன்றைக்கே முடிவு பண்ணினேன், என் வீட்டில் அடி கிடையாது, வசவு கிடையாது, எல்லாவற்றையும் ஜெபத்தில் வைத்துவிடுவது என்று. அப்படியே நடந்தேன். என் பெஞ்சாதி சுகிர்தத்தை ஒரு நாள், ஒரே ஒரு நாள் வைதிருப்பேனா? கிடையாது. குழம்பில் புளி கூடிவிட்டால் சாப்பிடும்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கண்ணை மூடி, 'ஆண்டவரே, உமது அடியாளுக்குப் புளியின் அளவை அறிகிற ஞானத்தைத் தாரும், அவள் தாயார் வீட்டில் கற்றுக்கொள்ளாததை இங்கேயாவது கற்றுக்கொள்ளட்டும்' என்று ஒரு வார்த்தை. மறுநாள் புளி குறைந்துவிடும். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

சத்தம் இருந்தது, ஜெபத்தின் சத்தம். நான் நூற்பாலையில் வேலை பார்த்தவன். மிஷின் ஓடுகிற இடத்தில் பேசிப் பேசி எனக்குக் குரல் பெரிதாகிவிட்டது. அடுத்த வீட்டு தவமணி அக்கா, நான் ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் தன் வீட்டு ரேடியோவை நிறுத்திவிடுவாள். பக்தியுள்ள மனுஷி.

எப்சிபா எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளையும் நான் தொட்டதில்லை. பத்தாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தோற்றுவிட்டு வந்தாள். வேறு தகப்பன் என்றால் என்ன செய்திருப்பான்? நான் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டில். 'ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க' என்று உபதேசியார் கேட்பார். ஒருத்தர் கால் வலி என்பார், ஒருத்தர் மகனுக்கு வேலை என்பார், எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபம் பண்ணுவோம். நான் எழுந்து நின்று, 'என் மகள் எப்சிபா கணக்கில் தோற்றிருக்கிறாள், அவளைப் பிடித்திருக்கிற சோம்பலின் ஆவிக்காகவும் கண்ணாடி முன்னால் நிற்கிற ஆவிக்காகவும் ஜெபியுங்கள்' என்றேன். தெருவே ஜெபித்தது. அவளோடு படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் எல்லாம் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். அந்தப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

இன்றைக்கு என் மகள் யார் தெரியுமா? மதுரையில் மேல்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். யாருடைய ஜெபம்? ஒரு தடவை அவளிடமே சொன்னேன்.

'ஆமாப்பா,' என்றாள். 'அன்னையில இருந்து தெருவுல நிமிந்து நடக்கல. குனிஞ்ச தலைக்குப் புஸ்தகந்தான் தெரிஞ்சிது.'

நான் சொல்லவில்லையா? பலன்.

கல்யாணம் அவளே பார்த்துக்கொண்டாள். பையன் பெயர் ஸ்டான்லி, மதுரைக்காரர், பாங்கில் வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, வேறு சபை, அவ்வளவுதான். பாட்டுப் பாடும்போது கை தட்டுவார்கள். நான் மறுக்கவில்லை தம்பி. கல்யாணத்துக்குப் போனேன், பட்டு வேட்டி கட்டினேன், வரவேற்பில் பெண்ணின் தகப்பன் ஆசீர்வாத ஜெபம் பண்ண வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். என்ன ஜெபம் பண்ணினேன் தெரியுமா? 'ஆண்டவரே, இவள் எங்களுக்குச் செய்ததை இவள் பிள்ளைகள் இவளுக்குச் செய்துவிடாதபடி காத்தருளும்.' காத்தருளும் என்றுதானே சொன்னேன்? செய்யட்டும் என்றா சொன்னேன்? அதைச் சாபம் என்கிறாள். மணமேடையில் மாலையோடு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நான் நினைத்தேன், போட்டோக்காரரும் அப்படித்தான் நினைத்து எடுத்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு வருவது குறைந்துபோனது. தாயைப் பார்க்க வருவாள், விளக்குப் போடுகிற நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். கடைசி பஸ் போய்விடும் என்பாள். எங்கள் ஊரில் இருந்து ஒன்பது மணிக்குக் கூட பஸ் உண்டு.

சுகிர்தம் போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி நேரத்தில் நான்தான் தலைமாட்டில் முழங்காலில் நின்றேன். அவள் செய்த தப்பு ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லி, இதை மன்னியும், இதை மன்னியும் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். எவன் தன் பெஞ்சாதிக்காக அப்படி ஜெபிப்பான்? நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, 'போதும்' என்றாள். அதுதான் அவள் கடைசி வார்த்தை. இந்த உலகத்தில் இருந்தது போதும், போகிறேன் என்கிறாள். பரிசுத்தமான மரணம். எப்சிபா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது.

தனியாகத்தான் இருந்தேன். கண்ணில் ஆபரேஷன் பண்ணினேன், அதற்கும் வந்து கூட இருந்துவிட்டுப் போனாள். போன லெந்து நாட்களில், பெரிய வெள்ளிக்கு முன்னால் நாங்கள் அனுசரிக்கிற நோன்புக் காலம், குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன மறுநாளே காரை எடுத்துக்கொண்டு புருஷனோடு வந்து நின்றாள். என் துணிமணியை மடித்து வைத்தாள். சுகிர்தத்தின் போட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். கார் கதவைத் திறந்து என்னை ஏற்றுகிற நேரத்தில்தான் சொன்னாள்.

'அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். எங்க வீட்டுல நீங்க எத்தன வருஷமும் இருக்கலாம். உங்களுக்குத் தனி ரூம் இருக்கு. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா வீட்டுல நீங்க சத்தமா ஜெபம் பண்ணக் கூடாது. மனசுக்குள்ள பண்ணிக்கோங்க.'

'என்னட்டி சொல்லுத? ஜெபம் பண்ணக் கூடாதா?'

'ஆமாப்பா.'

'ஐந்தாம் கட்டளை மறந்து போச்சா? தாய் தகப்பனக் கனம் பண்ணணும்னு இருக்கா இல்லியா? தகப்பன் நல்லவனா இருந்தாத்தான்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?'

'இல்லப்பா. அதனாலதான் கார் எடுத்துட்டு வந்திருக்கேன்.' தலையைக் கூடத் தூக்காமல் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுக்கொண்டே சொல்கிறாள். 'நான் உங்களக் கனம் பண்ணுதேன். முழங்கால்ல நின்னு உங்ககிட்ட வசவு வாங்குறது கனம் இல்ல. சின்ன வயசுல வேற வழி தெரியல, கேட்டேன். என் பிள்ளை கேக்க வேண்டாம்.'

வசவாம்! ஜெபத்தை வசவு என்கிறாள் தம்பி! தவமணி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதில் சொன்னால் தெருவில் பேச்சாகும். கதவை நானே இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

மதுரைக்குப் போன முதல் வாரமே அவள் சபையின் ஐயரைத் தேடிப் போனேன். ஐயர் என்றால் எங்கள் பேச்சில் குருவானவர். சின்ன வயசுக்காரர், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

'ஐயா, உங்க மக உங்களை நல்லா வெச்சிருக்காங்களா?' என்றார்.

'சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் ராஜ உபசாரம். அதுவா பேச்சு?'

'அதுவும் பேச்சுதாங்கய்யா. கனம் பண்றதுன்னா பெத்தவங்களைத் தனியா விடாம, மரியாதையா வெச்சுப் பாக்கிறது. சொன்னதெல்லாம் கேக்கணும்கிறது சின்னப் பிள்ளைக்கு. அவங்க நாப்பது வயசு டீச்சர். காயம் படாம இருக்க ஒரு எல்லை போட்டுக்கிறாங்க. அது கட்டளையை மீறினதா எனக்குத் தெரியலை.'

'அப்போ தகப்பனுக்கு என்ன மரியாதை?'

'பிள்ளைகளைக் கோபமூட்டக் கூடாதுன்னு தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை இருக்குதே, ஐயா?'

எனக்குத் தெரியாதா அந்த வார்த்தை? ஆனால் அது எங்கே இருக்கிறது? அப்போஸ்தலர் எழுதின நிருபத்தில், அதாவது கடிதத்தில் இருக்கிறது. பத்துக் கட்டளையில் இல்லை. கட்டளை கல்லில் எழுதினது, நிருபம் தாளில் எழுதினது. இதை நான் சொன்னேன். ஐயர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, 'டீ சாப்பிடுறீங்களா ஐயா?' என்று கேட்டார்.

சரி, இருந்து பார்ப்போம் என்று இருந்தேன். என்ன வாழ்க்கை தம்பி அது? ரசத்தில் காரம் குறைத்து வைப்பாள். சரியாகத்தான் இருக்கும், நான் சொல்லாமலே. என்னிடம் வந்து, 'கை வலிக்காப்பா?' என்பாள். 'இல்லை' என்பேன். அதற்கு மேல் என்ன பேசுவது? எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஜெபத்தில்தான் பேசுவோம். ஜெபத்தை எடுத்துவிட்டால் தகப்பனும் மகளும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? சாயங்காலம் நாலு பேரும் சுற்றி உட்காருவோம், ஸ்டான்லி ஒரு பாட்டு எடுப்பார், பேத்தி ஹன்னா, 'இயேசப்பா, தாத்தா கையைச் சரியாக்குங்க, ஆமென்' என்பாள். முடிந்தது. ஒரு பாவத்தை அறிக்கையிடுவது இல்லை, ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொல்வது இல்லை. ஜெபமா அது?

எனக்கு நாக்கு அரிக்கும். ஒரு நாள் சாம்பாரில் உப்பு இல்லை. 'ஸ்தோத்திரம், ஆண்டவரே' என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான்.

'அப்பா,' என்றாள், 'அதுவும் ஜெபந்தான்.' உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். 'உப்பு வேணும்னா உப்பு வேணும்னு சொல்லுங்க. நான் எடுத்துத் தாரேன்.'

ஸ்டான்லி இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரியாதென்று நினைத்துச் சிரித்தார்.

இப்படியே ஆவணி வரைக்கும் ஓட்டினேன். போன சனிக்கிழமை ஹன்னாவுக்குப் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். ஸ்டான்லியின் அப்பா அம்மா, பள்ளிக்கூட டீச்சர்மார், மாடி வீட்டுக்காரர்கள். கேக் வெட்டும் முன்னால் ஜெபம் பண்ண அந்த ஜீன்ஸ் ஐயர் வருவதாக இருந்தது. அவர் வரவில்லை, ஏதோ சாவு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நின்று சிணுங்குகிறார்கள். அப்போது ஸ்டான்லியின் அப்பா சொன்னார்:

'அதுக்கென்ன, நம்ம சம்பந்தி இருக்காருல்ல? சம்பந்தி, நீங்கதான் பெரியவரு. ஒரு சின்ன ஜெபம் பண்ணி விடுங்க, கேக்கை வெட்டிருவோம்.'

நானா கேட்டேன்? சொல்லுங்கள் தம்பி, நானா கேட்டேன்? ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எப்சிபாவைப் பார்த்தேன். கையில் தீப்பெட்டியோடு நின்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? 'சின்னதா, அப்பா,' என்றாள். அனுமதி கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று தம்பி, அப்படி ஒரு அமைதியைப் பார்த்து! ஒரு அறை முழுக்க ஆட்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறார்கள்.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பேத்திக்காக ஸ்தோத்திரம், அவள் ஆயுசுக்காக ஸ்தோத்திரம், கேக்குக்காகக் கூட ஸ்தோத்திரம். அதற்கு மேல் பரிசுத்த ஆவியானவர் நடத்தினபடி நடந்தேன். 'பூட்டின வாய்களைத் திறக்கிற ஆண்டவரே, இந்த வீட்டில் இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த ஒரு வாயை இன்றைக்குத் திறந்தீரே! பெற்ற தகப்பனுக்கு உணவு கொடுத்து ஊமையாக்கி வைக்கிற பிள்ளைகளை நீர் அறிவீர். யார் என்று நான் பெயர் சொல்லவில்லை, நீர் அறிவீர். இந்தக் குழந்தை வளர்ந்து தன் தாயைக் கனம் பண்ணட்டும், அந்தத் தாய் தன் தகப்பனை...'

'ஆமென்!'

எப்சிபாவின் குரல். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகின குரல். அவ்வளவுதான், அறை முழுக்க 'ஆமென்' என்று ஒரே சத்தம். ஆமென் கேட்டால் ஆமென் சொல்லியே பழகிவிட்டார்கள், யார் சொன்னது, எங்கே சொன்னது என்று யார் பார்க்கிறார்கள்? கண்ணைத் திறந்தார்கள், தீக்குச்சியைக் கிழித்தாள், பிள்ளைகள் கை தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையை உயர்த்தினபடி நிற்கிறேன். வாக்கியம் பாதியில் நிற்கிறது. 'தகப்பனை' என்பதோடு நிற்கிறது.

இத்தனை வருஷம் ஜெபம் பண்ணுகிறேன், என் ஜெபம் முடியும் முன்னால் வேறொருவர் ஆமென் போட்டதில்லை. என் பெஞ்சாதி போட்டதில்லை, என் ஊர் உபதேசியார் போட்டதில்லை. அப்படி ஒன்று முடியும் என்றே யாருக்கும் தெரியாது. ஸ்டான்லியின் அம்மா என்னிடம் கேக் துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, 'சுருக்கமா, நல்ல ஜெபம் சம்பந்தி' என்றாள்.

மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன். 'நான் ஊருக்குப் போறேன். என்னை அவமானப்படுத்தின வீட்டுல இருக்க மாட்டேன். நீ எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டா இருக்கேன்.'

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'அப்பா, நீங்க போக வேண்டாம். நான் போகச் சொல்லல. கை இன்னும் சரியாகல. ஆனா நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அம்மா கடைசி வரைக்கும் ஆமென் சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் சொல்லியிருக்கேன். ஒரு தடவையாவது எனக்கு வேணும்ங்கிற இடத்துல சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன்.'

'அப்போ நான் போறேன்.'

'போறதுன்னா பஸ் ஏத்தி விடுதேன். திரும்பி வரணும்னாலும் போன் பண்ணுங்க, வந்து கூட்டிட்டு வாரேன். கதவு திறந்தேதான் இருக்கும். சட்டம் மட்டும் மாறாது.'

பார்த்தீர்களா? இப்படி ஒரு நெஞ்சழுத்தம். மூன்று நாள் பார்த்தேன், இறங்கி வரவில்லை. அதன் பிறகுதான் இந்தப் பஸ்.

போகிறது வீட்டுக்குத்தான். என் சொந்த வீடு. விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரைக்கும் தொண்டை கிழிய ஜெபம் பண்ணலாம், தடுக்க ஆள் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை, அது உண்மைதான். தவமணி அக்கா மகன் வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட்டாளாம். ஒரு விஷயம் சொல்லட்டுமா? சுகிர்தம் போன பிறகு அந்த வீட்டில் தனியாகப் பாயை விரித்து ஆரம்பித்தால், இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்கு மேல் வராது. வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, வேறென்ன? பிறந்தநாள் அன்றைக்கு மட்டும் மூச்சு வாங்கவே இல்லை. அது கர்த்தருடைய பெலன்.

கோவில்பட்டி வந்துவிட்டதா? நீங்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வாருங்கள், பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு வேண்டாம், பிளாஸ்க் இருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? உட்காருங்கள். இல்லை, உட்கார வேண்டாம், ஒரு விஷயம் நடந்துவிட்டது. நீங்கள் போனதும் போன் வந்தது. எப்சிபாதான்.

'அப்பா, எங்கன வந்திருக்கீங்க?'

'கோவில்பட்டி.'

'வெயில் உங்க பக்கம் அடிக்கா?'

'இல்ல, அந்தப் பக்கம்.'

போனில் பேச்சு தீர்ந்துபோனால், 'சரி, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவோம்' என்று நான் ஆரம்பிப்பது வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஹாஸ்டலில் இருந்தபோது அப்படித்தான். இன்றைக்கு எப்படி ஆரம்பிப்பது? ஆரம்பித்தால் ஆமென் போட்டுவிடுவாளோ என்று ஒரு பயம். போனை வைக்கவும் மனசு வரவில்லை. காதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கிறது. ஏதாவது பேச வேண்டுமே என்று வாயில் வந்ததைக் கேட்டேன்.

'நீ சாப்ட்டியாட்டி?'

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டிப் பார்த்தேன்.

'ஏட்டி, கேக்குதா? சாப்ட்டியான்னு கேட்டேன்.'

'கேக்குப்பா.' குரல் ஒரு மாதிரி கம்மிப்போயிருந்தது. ஜலதோஷமாக இருக்கும், கார் ஏசியில் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்தாள் அல்லவா? 'இன்னும் சாப்பிடல. உங்கள ஏத்தி விட்டுட்டு வந்து... சாப்பிடத் தோணல.'

'மணி என்ன ஆகுது? போய் மொதல்ல சாப்பிடு.'

'சரிப்பா.'

கேட்டீர்களா தம்பி? 'சரிப்பா' என்றாள்! நான் ஒன்றைச் செய் என்று சொல்லி, மறு பேச்சுப் பேசாமல் அவள் சரி என்று சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! விவாதம் இல்லை, சட்டம் இல்லை, ஐயர் சொன்னார் என்று இல்லை. தகப்பன் சொன்னார், பிள்ளை கீழ்ப்படிந்தது. இதைத்தானே நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்? அவள் மனந்திரும்பிவிட்டாள். பஸ் மதுரையைத் தாண்டின உடனே அவள் உள்ளத்தில் ஆண்டவருடைய கிரியை நடந்திருக்கிறது. நான் அங்கே இருந்தபோது நடக்காதது, நான் கிளம்பினதும் நடந்திருக்கிறது.

பிள்ளை தாழ்ந்து வரும்போது தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாமா? அது வேதத்துக்கு விரோதம். அதனால்தான் திரும்பிப் போகிறேன், வேறு ஒன்றும் இல்லை. அவள் வீட்டுச் சட்டமா? அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிடக்கட்டும். மனசுக்குள்ளே பண்ணிக்கொண்டால் போகிறது.

அதோ எதிர் வரிசையில் நிற்கிறது பாருங்கள், அது மதுரை வண்டிதானே? அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். கண்டக்டர் சத்தம் போடுகிறார், போடட்டும். டிக்கெட் போனால் போகட்டும். உபதேசியாருக்கு அவளே சொல்லிக்கொள்வாள். இல்லை, அவளுக்கு இப்போது போன் பண்ண வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பண்ணினால் பாதியில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மெதுவாகப் பிடியுங்கள் தம்பி. போனதும் முதல் வேலையாக அதைத்தான் கேட்கப் போகிறேன், சொன்னபடி சாப்பிட்டாளா என்று.